ஈரமா, காய்ந்ததா

மண்டிலா ஆட்டுப்பண்ணை,
டார்லிங் ஆற்றங்கரை.
3 செப்டம்பர் 1907

மரியாதைக்குரிய மிஸ் எஃபி டிரான்ட்டர் அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்கைக் காயம் ஆறியிருக்கும். தொப்பியில் ஒட்டிய கிரீமும் இந்நேரம் போயிருக்கும். நானும் நலமே. நரண்டெராவிலிருந்து புறப்பட்டு இந்தக் கொட்டகைக்கு வந்து சேரும்வரை என் சைக்கிளில் ஒரு திருகுகூட அசையவில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இந்தக் கடிதம். வேறு எந்த நோக்கமும் இல்லை.

ஏன் அசையவில்லை என்றால், பெடலைத் தாங்கும் கிராங்க்கை அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் பின் இரண்டையும் நான் வெறுமையாக மாட்டியிருக்கிறேன். கிரீஸும் இல்லை, எண்ணெயும் இல்லை. இரும்பை இரும்பு கவ்விக்கொண்டு நிற்கிறது. தங்கள் பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த புது கிராங்க்கையும் தங்கள் சைக்கிளில் அப்படித்தான் மாட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு தங்கள் சைக்கிள் கடையில் யாரோ அந்தப் பின்னைக் கழற்றி, கிரீஸ் தடவி, மறுபடி மாட்டியிருக்கிறார்கள். தங்கள் அப்பாவாக இருக்க முடியாது. அவருக்குக் குனிய வராது.

விளைவை ஊரே பார்த்தது. பெண்கள் ரேஸில், கடைசிச் சுற்றில், எல்லோருக்கும் முன்னால் பறந்துகொண்டிருந்தபோது இடது கிராங்க் கழன்றது. தாங்கள் கயிற்றைத் தாண்டிப் போய் சபைப் பெண்களின் கேக் மேசைமேல் விழுந்தீர்கள். ஓடி வந்து தூக்கியவன் நான். அதற்குக் கிடைத்த நன்றி, "வெறுமையா மாட்டாதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியாடா மட்டி!" அதுவும் முகமெல்லாம் ஜாமோடு, பாதிரியார் பக்கத்தில் நிற்கும்போது.

நான் மட்டியாகவே இருந்துவிட்டுப் போகிறேன். அதனால்தான் மறுநாள் விடியும் முன்பே யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். ரேஸுக்கு முந்தின நாள் ஆற்றுப் பாலத்தில் வைத்து, என்னைக் கட்டிக்கொள்வாயா என்று கேட்டேன். "ரேஸ் முடியட்டும், சொல்றேன்" என்று பதில் வந்தது. ரேஸ் முடிந்துவிட்டது. நான் இனிமேல் கேட்பதாக இல்லை. பின்னில் கிரீஸ் தடவியது நீதான் என்று ஒரே ஒரு வரி எழுதிவிடு, போதும்.

(மேலே "நீதான்" என்பதை "தாங்கள்தான்" என்று படிக்கவும்.)

இப்படிக்கு,
ஃபெர்கஸ் டவுலிங்
ஆட்டு ரோமம் கத்தரிப்பவன்


டிரான்ட்டர் சைக்கிள் கடை,
நரண்டெரா.
12 செப்டம்பர் 1907

ஃபெர்கஸ்,

தாங்களாம், தாங்கள்! கோர்ட்டு நோட்டீஸ் வந்துவிட்டது என்று அப்பா பயந்தே போனார். உறையைப் பிரித்ததும் யாருடைய கோழிக்கிறுக்கல் என்று தெரிந்தது, அப்புறம்தான் டீயைக் குடித்தார்.

நீ கேட்ட வரி இதோ. ஆமாம், நான்தான் தடவினேன். ஒளித்து மறைத்தெல்லாம் இல்லை, பட்டப்பகலில், கடை வாசலில் உட்கார்ந்துகொண்டு தடவினேன். ஆனால் நீ முதலில் வெறுமையாக அடித்து இறக்கியதிலேயே அது கீறிக் கெட்டுப்போயிருக்கும், கழன்றதற்கு அதுதான் காரணம். எங்கள் கடையில் புதுசாக எதை மாட்டினாலும் கிரீஸ் இல்லாமல் மாட்டுவதில்லை. பெடல் திருகுக்கு, சீட்டுத் தண்டுக்கு, பால்ரஸ் குண்டுக்கு, காட்டர் பின்னுக்கு, எல்லாவற்றுக்கும்தான். கிரீஸ் ஆகாத இடம் பிரேக் ஒன்றுதான். இன்னொன்றும் உண்டு, உன் மூளை. அதில் எதைத் தடவினாலும் ஒட்டாது.

வெறுமையாக மாட்டினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது. ஏனென்றால் நீ மாட்டிவிட்டுப் போய்விடுவாய், கழற்றுகிறவள் நான். போன மாதம் டீச்சரம்மா ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் இருந்தது யாரோ ஒரு புத்திசாலி வெறுமையாக அடித்து இறக்கிய காட்டர் பின். உள்ளேயே துருப்பிடித்து அச்சோடு அச்சாகிவிட்டது. அப்பா சுத்தியலால் அடித்தார், பின்னின் தலை காளான் மாதிரி விரிந்ததே தவிர அசையவில்லை. கடைசியில் துளை போட்டு எடுத்தோம். அப்போது அப்பா சொன்ன வார்த்தைகளை டீச்சரம்மா ரொம்ப நாளைக்கு மறக்கமாட்டார்.

முழங்கை ஆறிவிட்டது. கிரீம் போய்விட்டது. ஆனால் தபால் ஆபீஸ் பக்கம் போனால் "கேக் வேணுமா எஃபி?" என்று கேட்காத ஆள் இல்லை. அதைக்கூடச் சிரித்துச் சமாளித்துவிட்டேன். நீ சொல்லாமல் போனாய் பார், அதுதான் வலித்தது. காலையில் கேக் தட்டுகளைத் திருப்பிக் கொடுக்கப் போகும் வழியில் உன் விடுதி வாசலில் நின்றேன். விடியும் முன்பே கிளம்பிவிட்டான் என்றார்கள். உன் பின்னிலும் ஈரமில்லை, உன் நெஞ்சிலும் ஈரமில்லை.

நீ இனிமேல் கேட்பதாக இல்லையாமே. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம் எனக்கும் இல்லை.

எஃபி


மண்டிலா ஆட்டுப்பண்ணை.
24 செப்டம்பர் 1907

எஃபி,

நீ விடுதி வாசலில் வந்து நின்றாய் என்பது எனக்குத் தெரியாது. உன் கடிதத்தில் அந்த வரியைப் படித்த பிறகு நாள் முழுக்க எந்த ஆட்டைக் கத்தரிக்கிறேன் என்றே தெரியவில்லை. ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டேன். அது ஒரு பக்கம் துரையாகவும் மறுபக்கம் பிச்சைக்காரனாகவும் ஓடிப்போனது. சொல்லாமல் வந்தது தப்புதான்.

ஆனால் கிரீஸ் விஷயத்தில் நான் இறங்கி வருவதாக இல்லை.

போன வாரம் ஆற்றோரமாகப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு ஈமு எதிரே வந்தது, ஊர் நாட்டாமை மாதிரி நடுப்பாதையில். மணி அடித்தேன், நகரவில்லை. கடைசி நிமிஷத்தில் நகர்ந்தது, நான் நகர்ந்த அதே பக்கம். அதற்கு ஒன்றுமில்லை, எனக்கு இடது கிராங்க் வளைந்துவிட்டது. வில்கேனியாவிலிருந்து புது கிராங்க்கும் பின்னும் வரவழைத்தேன். (கோபப்படாதே. நரண்டெராவிலிருந்து வருவதற்குள் நான் கிழவனாகிவிடுவேன்.) பழைய பின்னைக் கழற்ற உட்கார்ந்தபோது, துருப்பிடித்து மாட்டிக்கொண்டிருக்கும் என்று நீ எழுதியது ஞாபகம் வந்தது. சமையல்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் அடித்தேன். லேசாக இரண்டு தட்டு. வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது, எஃபி! போன வருஷம் என் கையால் வெறுமையாக மாட்டிய காட்டர் பின் அது. இத்தனை காலம் தளரவும் இல்லை, துருப்பிடிக்கவும் இல்லை. அந்தப் பின்னை அப்படியே துணியில் சுற்றி இத்துடன் அனுப்புகிறேன். கடை வாசலில் தொங்கவிடு.

இன்னொரு கூத்தும் நடந்தது. உன் கட்சிக்காரன் ஒருவன் இங்கேயும் இருக்கிறான், கிளாரி நப், எங்கள் சங்கப் பிரதிநிதி. அவனும் கிரீஸ்தான் வேண்டும் என்கிறான். காலைச் சாப்பாட்டில் ஆரம்பித்த சண்டை தீரவில்லை. "ஓட்டுப் போட்டுடலாம்" என்றேன். தொப்பியை மேசையில் வைத்து, சீட்டுகளைக் கிழித்துப் போட்டு, "ஈரமா, காஞ்சதா, எழுதுங்கடா" என்று சத்தம் போட்டேன்.

நான் யோசிக்காமல் விட்டது ஒன்று. முந்தின இரவு நாலு தூறல் போட்டிருந்தது. மழை பெய்தால் ஆட்டு ரோமம் ஈரமா காய்ந்ததா என்று நாங்கள் ரகசிய ஓட்டுப் போடுவது வழக்கம். ஈரம் என்று விழுந்தால் கத்தரியைக் கீழே போட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம், அன்றைக்கு வேலை இல்லை. படுக்கையிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த பயல்கள் தொப்பியைப் பார்த்தார்கள், "ஈரம்" என்று எழுதிப் போட்டார்கள், திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

மேலாளர் மணியை அடி அடி என்று அடித்தார். யாரும் வரவில்லை.

"என்னடா நடக்குது இங்க?"

"ஈரம்னு முடிவாயிடுச்சு சார்" என்றான் கிளாரி.

"ஈரமா? ஆடெல்லாம் எலும்பு மாதிரி காஞ்சு கெடக்கு! தொட்டுப் பாருடா!"

"தொட்டெல்லாம் பாக்க முடியாது சார். ரகசிய ஓட்டு. சங்க விதி."

"இது சைக்கிள் பின்னுக்குப் போட்ட ஓட்டுன்னு சமையக்காரன் சொல்றானே!"

"இருக்கலாம் சார். ஆனா எதுக்குன்னு சீட்டுல எழுதலையே."

அரை நாள் ஆற்றில் குளித்தோம். என் கட்சிக்கு மொத்தம் ஒரே ஓட்டு, அதுவும் நான் போட்டது. இந்த ஓட்டு செல்லாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் நெஞ்சில் ஈரமில்லை என்று எழுதிவிட்டாயே. அது மட்டும் பொய்.

ஃபெர்கஸ்


நரண்டெரா.
5 அக்டோபர் 1907

அட மட்டி, மட்டி, என் மட்டி!

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. இரு, வரிசையாகச் சொல்கிறேன்.

உன் பொட்டலம் காலைத் தபாலில் வந்தது. நான் ஒரு சக்கரத்துக்குக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்ததால் அதை மேசைமேல் வைத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் நம் கடை நாய் டிங்கர் அதை வாயில் கவ்விக்கொண்டு ஓடுகிறது. அந்த நாய்க்கு எலும்பைக் கொடுத்தாலே முகர்ந்து பார்த்து யோசிக்கும், தெரியும்தானே. தெருமுனைவரை துரத்திப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். துணியைப் பிரித்தேன். உள்ளிருந்து அப்பாவின் குரல்.

"ஏண்டி எஃபி, ஆட்டை யாரு கடைக்குள்ள விட்டது?"

நாறியது ஆடு இல்லை, ஃபெர்கஸ். உன் பின்! உன் காய்ந்த, வெறுமையான, இரும்பை இரும்பு கவ்வும் பின்! ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். மஞ்சள் மஞ்சளாகப் பிசுக்கு வந்தது. அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்ம டப்பாவுல இருக்கறதைவிட நல்ல கிரீஸா இருக்கே, எங்க வாங்கினானாம்?" என்றார்.

எங்கே வாங்கினாய் என்று இன்னும் புரியவில்லையா? உன் கையைப் பார்! நாள் முழுக்க ஆட்டைக் கட்டிப்பிடித்துக் கத்தரிக்கிற கை. கம்பளிப் பிசுக்கு ஊறிக் கிடக்கிற கை. அந்தக் கையால் பின்னை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, ஊதி, துடைத்து (உன் கால்சட்டையில்தானே துடைப்பாய், அது கையைவிட மோசம்) உள்ளே தள்ளியிருக்கிறாய். பிறந்ததிலிருந்து நீ ஒரு பின்னைக்கூட வெறுமையாக மாட்டியதில்லை. உன் கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீ கட்டைவிரல் வைத்த இடத்திலெல்லாம் அந்தப் பக்கத் தெரு தெரிகிறது!

பாலத்தில் என் கையைப் பிடித்தாயே, அப்போதுகூட நினைத்தேன், இவ்வளவு முரட்டு வேலை பார்க்கிறவனுக்கு எப்படி இப்படி ஒரு மெத்தென்ற கை என்று. காதல் என்று நினைத்துக்கொண்டேன். ஆட்டுக் கொழுப்பு!

உன் ஒற்றை ஓட்டும் என் கட்சியில்தான் சேரும். ஆக, ஓட்டு செல்லும்.

சிரித்து முடித்த பிறகு உட்கார்ந்து யோசித்தேன். உன் பின்னிலும் கொழுப்பு, என் பின்னிலும் கிரீஸ். உன்னுடையது இத்தனை காலம் தளரவில்லை. என்னுடையது ஒரே நாளில் கழன்றது. அப்படியானால் கழன்றதற்குக் காரணம் கிரீஸ் இல்லை. வெறுமையாக மாட்டி நீ கெடுத்தாய் என்று நான் சொன்னதும் தப்பு, தடவி நான் கெடுத்தேன் என்று நீ சொன்னதும் தப்பு. வேறு என்ன?

நட்டு. புதுப் பின்னை அடித்து இறக்கி நட்டை முறுக்கியதோடு வேலை முடிவதில்லை. கொஞ்ச தூரம் ஓட்டியதும் பின் இன்னும் உள்ளே போய் உட்காரும், நட்டு தளரும், மறுபடி ஒரு முறுக்கு முறுக்க வேண்டும். தடவினாலும் தடவாவிட்டாலும் இதுதான். ரேஸ் அன்று காலையில் வீட்டிலிருந்து மைதானம்வரை ஓட்டிக்கொண்டு வந்தேன். சைக்கிளை உன் கையில் கொடுத்துவிட்டு, சட்டையில் ரேஸ் நம்பர் குத்திக்கொள்ளப் போனேன். ஸ்பேனர் உன் பாக்கெட்டில் துருத்திக்கொண்டிருந்தது, என் கண்ணால் பார்த்தேன்.

உண்மையைச் சொல். முறுக்கினாயா?

எஃபி


மண்டிலா ஆட்டுப்பண்ணை.
14 அக்டோபர் 1907

எஃபி,

இல்லை.

முறுக்கவில்லை. ஒரு கையில் உன் சைக்கிள், பாக்கெட்டில் ஸ்பேனர், மைதானத்து நடுவில் நின்றுகொண்டிருந்தேன். நீ நம்பரைக் குத்திக்கொண்டே திரும்பிப் பார்த்தாய். அந்த முகத்தில் ஆமாம் இருக்கிறதா இல்லை இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்போது மைதானமே தீப்பிடித்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. நட்டு எந்த மூலைக்கு? நீ வந்து சைக்கிளை வாங்கிக்கொண்டாய், ஏறினாய், போய்விட்டாய். வீட்டிலேயே முறுக்கியிருப்பாள், கடைக்காரியாயிற்றே என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேன் என்பதுகூட அதிகம்.

உன் கடிதத்தைக் கொட்டகையில் வாய்விட்டுப் படிக்க வேண்டியதாகிவிட்டது. கிளாரி தரையில் விழுந்து புரண்டான். இப்போது நான் யார் கையில் எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டு, "வெறுமையாத்தான் இருக்கு, ஃபெர்கஸ் குடுத்தது" என்கிறான்கள். ரொட்டியைக்கூட. நான் தோற்றேன். எனக்குத் தோற்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று தெரியாது.

ஆனால் எஃபி, ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. உன் கடையிலிருந்து யார் சைக்கிள் எடுத்துப் போனாலும், "நட்டை மறுபடி முறுக்குங்க! மறந்துடாதீங்க!" என்று அவர் தெருமுனை திரும்பும்வரை கத்துகிறவள் நீ. பாதிரியாரைக்கூட விட்டதில்லை. அன்றைக்கு உன் வாயில் ஏன் அது வரவில்லை? சைக்கிளை வாங்கினாய். உதட்டைக் கடித்துக்கொண்டு ஏறிப் போய்விட்டாய். அப்படி என்ன யோசித்துக்கொண்டிருந்தாய்?

இனிமேல் கேட்பதாக இல்லை என்று எழுதியவன் வேறு ஒருவன். அவனை ஈமு முட்டித் தள்ளிவிட்டது. நான் கேட்கிறேன். எப்படிக் கேட்பது என்று உட்கார்ந்து பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது கிளாரி எட்டிப் பார்த்தான்.

"சீட்டு அனுப்புடா. ஆனா இந்தத் தடவை எதுக்குன்னு தெளிவா எழுது. இல்லன்னா அந்தப் பொண்ணு ஆட்டுக்கு ஓட்டுப் போட்டுடும்."

ஆகவே இத்துடன் ஒரு சீட்டு. தெளிவாக எழுதியிருக்கிறேன்: "பொருள்: எஃபி டிரான்ட்டர், ஃபெர்கஸ் டவுலிங்கைக் கட்டிக்கொள்வது. ஈரம் / காய்ந்தது. வேண்டாததை அடித்துவிடவும்." காகிதத்தை எடுக்கும் முன் கையைச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். அப்படியும் ஒரு மூலையில் கட்டைவிரல் பதிந்துவிட்டது. பொறுத்துக்கொள்.

இங்கே வேலை நவம்பர் கடைசிவரை இருக்கிறது. அதுவரை எனக்கு எப்படிப் பொழுது போகும் என்று தெரியவில்லை.

உன் மட்டி,
ஃபெர்கஸ்


நரண்டெரா.
23 அக்டோபர் 1907

ஃபெர்கஸ்,

என்ன யோசித்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டாய். சொல்கிறேன்.

முந்தின நாள் பாலத்திலேயே பதில் எனக்குத் தெரியும். உடனே சொன்னால் கெத்து என்ன ஆவது? ரேஸில் ஜெயிக்க வேண்டும், கோட்டைத் தாண்டின வேகத்தில் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, மூச்சு வாங்கிக்கொண்டே "சரிடா!" என்று கத்த வேண்டும். அதுதான் திட்டம். காலையிலிருந்து மனசுக்குள் அதையேதான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சைக்கிளைப் பிடித்துக்கொண்டு திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி நின்றாய். வாயைத் திறந்தால் நட்டு வராது, "சரிடா"தான் வரும். அதனால்தான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

கேட்டவனும் நட்டை மறந்தான், பதிலை வைத்திருந்தவளும் நட்டை மறந்தாள். கழன்றதற்குக் கிரீஸ் என்ன பாவம் செய்தது? அப்பாவிடம் சொன்னேன். "ரெண்டு பேரும் சைக்கிள் மாட்டற லட்சணம் தெரிஞ்சு போச்சு, சேந்தே இருங்க, ஊராவது பொழைக்கும்" என்றார்.

சபைப் பெண்கள் கல்யாணக் கேக்கைத் தாங்களே செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் அதன் பக்கத்தில் சைக்கிளோடு வரக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

உன் பின்னைச் சொன்னபடி கடை வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன், டிங்கருக்கு எட்டாத உயரத்தில்.

உன் சீட்டையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். "காய்ந்தது" என்பதை அடித்துவிட்டேன். பேனா கிழித்துக்கொண்டு அந்தப் பக்கம் போகும் அளவுக்கு அடித்தேன், சந்தேகமே வரக்கூடாது என்று.

கிளம்பும் முன் நட்டை முறுக்கு. முதல் ஊர் வந்ததும் இறங்கி மறுபடி முறுக்கு. என்னை நினைத்துக்கொண்டு மறந்துவிடாதே.

நவம்பர் கடைசியா? ஈரம் என்று ஓட்டு விழுந்தால் உங்கள் கொட்டகையில் என்ன செய்வீர்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். கத்தரியைக் கீழே போடு. மேலாளர் கேட்டால் சீட்டைக் காட்டு.

எஃபி